காரைக்கால் கரையில் இன்ஜின் வந்த கதை

சென்ற வாரம் அரசலாற்று முகத்துவாரத்துப் பக்கம் காலை நடை போயிருந்தேன். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பைபர் படகின் நிழலில் இளைஞர் ஒருவர் தனியாக உட்கார்ந்து, கழற்றி வைத்த இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த படகாம். இவர் வாங்கி இருபது நாள்தான் ஆகிறதாம். "ஐயா, நல்ல மெக்கானிக்கு யாராச்சும் தெரியுமா? கேக்குற ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆளைச் சொல்றாங்க" என்றார்.

கைத்தடி ஊன்றி நடக்கிற எழுபத்து நான்கு வயதுக் கிழவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டவர் ஒருவகையில் சரியான ஆளைத்தான் கேட்டார். இதே கேள்விக்கு 2006-ஆம் ஆண்டு நான் தவறான விடை சொல்லி, அதனால் நான்கு உயிர் போக இருந்தது. அதை இதுவரை எழுதியதில்லை. எழுத வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது 1951-இல். 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியபோது எனக்கு மூன்று வயது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் பள்ளியில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். வகுப்பில் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒரே பையன் என் பக்கத்தில் உட்காருவான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை; வீட்டார் விரும்பமாட்டார்கள். ஒருநாள் 'திக்தே'. ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும், ஐந்து பிழைக்கு மேல் போனால் சுழியம். அன்றைய பத்தியில் 'கத்திமரோன்' என்று ஒரு சொல் வந்தது. ஏதோ ஐரோப்பியக் கப்பல் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். பக்கத்தில் இருந்தவன் களுக்கென்று சிரித்துவிட்டான். "டேய், அது நம்ம கட்டுமரம்டா!"

ஆசிரியர் கோபிக்கவில்லை. அவனைக் கரும்பலகைக்கு அழைத்து வரையச் சொன்னார். கணக்கில் எப்போதும் கடைசியாக வருகிறவன் அன்று கால் மணி நேரம் பாடம் நடத்தினான். எந்த மரம் நடுவில், எது ஓரத்தில், கயிறு எங்கே சுற்றி எங்கே முடியும், கரைக்கு வந்ததும் ஏன் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட வேண்டும் என்றெல்லாம் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொன்னான். மரம் தண்ணீர் குடித்துக் கனத்தால் மிதப்பு போய்விடும். ஒரு மரம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், கயிறு நைந்தால் கயிறு. அவனுக்கு அப்போது பத்து வயது. அவனுக்கு மட்டுமல்ல, அவன் ஊரில் பத்து வயதுப் பையன் எல்லோருக்கும் இது தெரியும்.

பெரிய படகான சலங்கும் அப்படியே. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த படகு அது. நம்முடைய சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலேங்கு' என்று தங்கள் ஏடுகளில் எழுதிக்கொண்டார்கள். ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தையல் விட்டால் மறுபடி தைப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனந்தரங்கப் பிள்ளைக்கு 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பலே இருந்தது. அதைப் பழுது பார்க்கத் தச்சர்களும் கொல்லர்களும் சம்பளத்துக்குக் கிடைத்திருப்பார்கள். துபாஷியின் கப்பலை விடுங்கள். நான் சொல்வது சாதாரண ஆளின் படகை. அதில் உடையவனுக்குப் புரியாத பாகம் என்று ஒன்றும் இருந்ததில்லை. வேறொருவனை நம்பித் தன் படகை ஒப்படைக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

அந்த நிலையை மாற்றியது இன்ஜின்.

1952 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை, நார்வே, இந்தியா மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் நார்வேக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முதலில் அங்கிருந்த வள்ளங்களிலேயே இன்ஜினைப் பொருத்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பிறகு 22 அடி, 25 அடி நீளத்தில் புதுப் படகுகளைக் கட்டினார்கள். இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இறால் ஏற்றுமதியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்கள் படகோடு ஐஸ் தொழிற்சாலை, படகு கட்டும் தளம், இன்ஜின் பட்டறை எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். பழுது பார்க்கிறவன் இல்லாமல் இன்ஜினை மட்டும் இறக்கிவிட்டுப் போகக் கூடாது என்பது அந்தக் குளிர்நாட்டு மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1963-இல் கொச்சியில் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கான மத்தியப் பயிற்சி நிறுவனம் வந்தது. 1968-இல் சென்னையிலும் அதன் கிளை வந்தது. பெரிய படகுகளுக்கு ஓட்டுநரும் இன்ஜின் பார்ப்பவரும் அங்கிருந்து தேறி வந்தார்கள். 1980-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், சிறு படகுகளுக்கான வெளிப்பொருத்து மோட்டார்களை விற்றதோடு நிற்காமல், அவற்றைப் பழுது பார்க்கப் பட்டறைகளையும் கரையோரம் வைத்தது.

எங்கள் கரைக்கு இன்ஜின் வந்தது கோப்பு வழியாக. நான் எழுத்தராகச் சேர்ந்தது 1973-இல். பிரெஞ்சு தெரியும் என்பதால் முதலில் பழைய பத்திரங்களை மொழிபெயர்க்கும் வேலையில் வைத்திருந்தார்கள். அந்தப் பத்திரங்களில் 'ஓம் த கோன்பியான்ஸ்' என்று அடிக்கடி வரும். நம்பகமான ஆள் என்று பொருள். சொத்துக்காரர் வெளியூர் போனால் யார் பொறுப்பு என்று அந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கும். பிறகு மாற்றலாகி, படகு, இன்ஜின் மானியக் கோப்புகள் வந்துபோகும் பிரிவுக்கு வந்தேன். ஏழாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில், அதாவது 1985-லிருந்து 1990 வரை, பாரம்பரியப் படகுகளுக்கு இன்ஜின் பொருத்த மத்திய அரசின் மானியம் வந்தது. கட்டுமரம் மெல்ல மெல்லக் கரையை விட்டுப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். பயனாளியின் பெயர், தந்தை பெயர், ஊர், சங்க உறுப்பினர் எண், இன்ஜின் தயாரிப்பு, குதிரைத் திறன், இன்ஜின் எண், விலை, மானியம், கடன், தவணை. இன்ஜின் நின்றுபோனால் யார் பார்ப்பார் என்று கேட்க ஒரு கட்டமும் கிடையாது. இருபது வருடம் அந்தப் படிவத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். ஒருமுறைகூட எனக்கு அது உறைக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர். கரும்பலகையில் கட்டுமரம் வரைந்தவன் அன்று காலை மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கிடைத்தான்.

அவனுக்கு ஒரே மகன். அப்போது முப்பது வயதிருக்கும். அதுவரை மற்றவர்கள் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவன். சுனாமிக்குப் பிறகு ஊரெங்கும் பைபர் படகுகளாக வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் கேள்விப்பட்டிராத இடங்களில் எல்லாம் படகு கட்டும் பட்டறைகள் முளைத்தன. சில படகுகளின் ஓடு விரலால் தட்டினால் தகரம் போலச் சத்தம் கேட்கும் அளவுக்கு மெல்லிசு. படகுகளின் தரத்தைப் பற்றி ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமே கவலை தெரிவித்தது. கொடுத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், ஆனால் அவசரத்தில் கொடுத்தார்கள். பல இடங்களில் நான்கு குடும்பத்துக்கு ஒரு படகு என்று கணக்கு. என் நண்பன் மகனும் அப்படி நால்வரில் ஒருவனாக 2005 கடைசியில் படகுக்காரன் ஆனான். 28 அடிப் படகு, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் லம்பார்டினி டீசல் இன்ஜின், அதிலிருந்து பின்னால் தண்ணீருக்குள் நீளும் தண்டு, முனையில் விசிறி.

சாவி வாங்கிய அன்று நேராக என் வீட்டுக்கு வந்தான். "பெரியப்பா, அப்பா இருந்திருந்தா மரத்தைப் பத்தி எது வேணும்னாலும் கேட்டிருப்பேன். இதப் பத்தி யாரைக் கேக்குறது?" என்றான். வாசலில் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆறு மாதம் ஓடியது. 2006 ஜூன் மாதம் இன்ஜின் கறும்புகை விடத் தொடங்கியது. இழுவை குறைந்தது. காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றினால் ஏழெட்டுச் சுற்றுக்கு மேல்தான் எடுக்கும். நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். ஒருவன் டீசலைக் குறை சொன்னான், ஒருவன் ஆயிலை. ஒருவன் தன் மைத்துனனைக் கூட்டிவந்து எதையோ முறுக்கிவிட்டுப் போனான். கடைசியில் என்னிடம் வந்தார்கள். அரசாங்க ஆபீஸில் இருக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் மேசையில் பட்டறைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஒரு பட்டறையைக் காட்டினேன். ஏன் அதைக் காட்டினேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். அங்கே அச்சடித்த ரசீது தருவார்கள், முத்திரை இருக்கும், கோப்பில் வைக்கத் தோதாக இருக்கும். முப்பத்து மூன்று வருட எழுத்தர் உத்தியோகத்தில் நம்பிக்கை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது அந்த இடத்தில் வேறு கடை இருக்கிறது. இன்ஜினை ஐந்து நாள் வைத்திருந்தார்கள். புது நாசில், புது பிஸ்டன் ரிங், புது டீசல் பில்டர், கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். நான்கு பேரும் ஆளுக்கு 1,200 ரூபாய் போட்டார்கள். இவன் மனைவி காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் தன் பங்கைக் கொடுத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆடி மாதம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காலம். விடியற்காலை இரண்டு மணிக்கு நான்கு பேரும் தொழிலுக்குப் போனார்கள். வலையை இறக்கிவிட்டு இன்ஜினை நிறுத்தினார்கள். திரும்ப எடுத்தபோது எடுக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றிச் சுற்றிக் கை தோல் உரிந்தது. அன்று செல்போன் சிக்னல் கரையை விட்டுச் சிறிது தூரம் போனாலே அறுந்துவிடும். கட்டுமரமாக இருந்தால் துடுப்பு போட்டாவது வந்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பைபர் படகைக் கச்சானுக்கு எதிராக எப்படித் துடுப்பால் தள்ளுவது? காற்று கிழக்கே தள்ளியது, நீவாடு வடக்கே இழுத்தது. அன்று பகல் முழுவதும், இரவு முழுவதும் போனார்கள். தண்ணீர் மறுநாள் காலையோடு தீர்ந்துவிட்டது. பிற்பகலில் தரங்கம்பாடிக்கு நேர் கிழக்கே வெகுதூரத்தில் வேறு ஊர்ப் படகு ஒன்று பார்த்துக் கட்டி இழுத்து வந்தது.

நான் கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு அந்தப் பெண்கள் கரையில் நிற்கிற நிற்பை இரண்டாவது முறையாகப் பார்த்தேன். அவன் தாயார் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

படகு வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்த பிறகு அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் நீட்டினான். "ரசீதைப் பத்திரமா வச்சிருக்கேன் பெரியப்பா. நனையல." குத்திக் காட்டச் சொன்னதில்லை. அதை வைத்து ஏதாவது செய்ய முடியும் என்று உண்மையாகவே நம்பிக் கொடுத்தான். நான் அந்தப் பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடலில் டீசலில் தண்ணீர் கலந்தால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். சிரித்தார்கள்.

இனி பட்டியலை நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. வேறு எதை நம்புவது? வழி கண்டுபிடித்தவன் அவன்தான். "பெரியப்பா, ஒவ்வொருத்தனையும் மெக்கானிக்கு எப்படின்னு கேட்டா சொந்தக்காரனைச் சொல்றான், இல்லன்னா கடன் குடுத்தவனைச் சொல்றான். இன்ஜினையே கேட்டுப் பாத்துடுவோம்" என்றான். விடியற்காலை இரண்டரை மணிக்கு நானும் அவனும் கரையில் போய் உட்கார்ந்தோம். படகுகள் கிளம்பும்போது எந்த இன்ஜின் எத்தனை சுற்றில் எடுக்கிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்று டார்ச் வெளிச்சத்தில் நான் குறித்துக்கொண்டேன். இந்த வேலை எனக்கு வரும். ஆறு நாள் குறித்தோம், பதினொரு படகு. அதில் மூன்று படகு ஆறு நாளும் முதல் இரண்டு சுற்றுக்குள் எடுத்தன, ஒரு பெருமூச்சு போலக் கொஞ்சம் புகை, அவ்வளவுதான். மூவரிடமும் தனித்தனியாக விசாரித்தான். மூன்று பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள்.

அவரை எல்லோரும் பாய் என்றுதான் அழைத்தார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். திருநள்ளாறு போகிற சாலையில் கீற்றுக் கொட்டகை, பெயர்ப் பலகை இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர். இளமையில் காவிரிப் படுகைக் கிராமங்களில் வயல் பம்பு செட்டு இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கொள்முதல், தண்ணீர், விவசாயம் எல்லாம் மாறி மின்சார மோட்டார் வந்த பிறகு படகு இன்ஜினுக்கு வந்திருக்கிறார். நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் இன்ஜினைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

"இது உன் இன்ஜினா தம்பி?"

"நாலு பேருக்குப் பாய்."

"அப்ப நான் தொடமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம், காசு கொடுக்கிறோம் என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சார், நாலு கை தொடுற இன்ஜினை நான் சரி பண்ணிக் குடுத்தா, அஞ்சாவது நாள் அது நின்னா என் பேரைத்தான் சொல்லுவாங்க. பம்பு செட்டு நின்னுபோனா நாளைக்கு வந்து பாக்குறேன்னு சொல்லலாம். இதுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? நாலு பேருல இன்ஜினுக்கு யாரு பொறுப்புன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அவரு மட்டும் என்கூட உக்காரணும். மத்தவங்க கையே வைக்கக் கூடாது."

நல்ல மெக்கானிக்கைத் தேடி நாங்கள் அலைந்துகொண்டிருந்தோம். அவரும் அவர் பங்குக்கு நல்ல படகுக்காரனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலை நான்கு பேரும் ஊர்ப் பஞ்சாயத்தார் இருவர் முன்னிலையில் உட்கார்ந்து பேசினார்கள். இன்ஜின் பொறுப்பு இவனுக்கு. ஒவ்வொரு பாட்டிலும் செலவு போக மிஞ்சுவதில் இன்ஜினுக்கென்று ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து வைப்பது, அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. நான் ஒரு தாளில் எழுதி நால்வரிடமும் கையெழுத்து வாங்கினேன். பழைய பத்திரங்களில் பார்த்த அந்த நம்பகமான ஆளின் இடத்தில் இவன் பெயரை எழுதியபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பாய் இன்ஜினைத் திறந்தார். அவன் எதிரில் உட்கார்ந்திருக்க, கழற்றிய ஒவ்வொன்றையும் வெள்ளை வேட்டித் துணியில் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். முதலில் பில்டர். உள்ளிருந்து செந்துருத் தண்ணீர் ஒழுகியது. மாற்றப்படவே இல்லை, வெளியே பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள். அடுத்தது நாசில். ஊசியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "விரலால தடவிப் பாரு. சொரசொரன்னு இருக்கா? உப்புத் தண்ணி தின்ன தழும்பு. ஒன்றரை மாசத்துல புது ஊசியில இது வராது. இது வேற எவனோ இன்ஜின்லேர்ந்து கழட்டினது." ஊசி துருவில் இறுகிப் போனதால் டீசல் பூவாகத் தூவவில்லை, தூவாத டீசல் எரியவில்லை, எரியாததால் இன்ஜின் எடுக்கவில்லை. பிஸ்டன் ரிங் மட்டும் உண்மையிலேயே புதிது. அதைச் சொல்லவும் அவர் மறக்கவில்லை. "ரிங்கு நல்லாத்தான் போட்டிருக்கான். அது வரைக்கும் அவனும் தொழில் தெரிஞ்சவன்தான்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. முன்னால் பார்த்த மெக்கானிக்கைத் திட்டாத மெக்கானிக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் அதிகம் பார்த்ததில்லை.

அன்று அவர் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததை நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கறும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் காற்று வடிகட்டியைப் பார். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கும். வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர். டீசலைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். ஆயில் பால் நிறமாக மாறினால் அன்று கடலுக்குப் போகாதே. கரைக்கு வந்ததும் சூடு ஆறியபின் இன்ஜினின் விலா எலும்பு போன்ற தகடுகளில் படிந்த உப்பை நல்ல தண்ணீர்த் துணியால் துடைக்க வேண்டும். உப்பு அடைத்தால் காற்று பட்டும் குளிராது. ஒரு பழைய நாசிலும் இரண்டு ஸ்பேனரும் எப்போதும் படகில் இருக்க வேண்டும். நாசிலைக் கடலிலேயே மாற்ற வரும்வரை அவனை அனுப்பமாட்டேன் என்று சொல்லி, அன்று மாலைக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு முறை மாற்ற வைத்தார். "ராத்திரி டார்ச்சு இல்லன்னா?" என்றார்.

எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். ரசீது இல்லை. கழற்றிய பழைய பாகங்களைத் துணியில் முடிந்து அவன் கையில் கொடுத்தார். நான் ரசீது கேட்க வாயெடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து அழுத்தினான், பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாக பாய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். தேதி, என்ன மாற்றியது, என்ன விலை, ஆயில் எப்போது. அவர் தமிழில் எழுதுவார், அவனும் எழுத வேண்டும். அடுத்த முறை வரும்போது நோட்டு இல்லாவிட்டால் இன்ஜினைத் திறக்கமாட்டார்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்து பார்த்தேன். படிவத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கலாம் என்று நோட் போட்டேன்: இன்ஜின் பராமரிப்புப் பொறுப்பாளர் பெயர், பழுது பார்ப்பவர் பெயர். கோப்பு மேலே போய், பதினெட்டு நாள் கழித்து இறங்கி வந்தது. படிவத்தை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அது உண்மைதான். பிறகு நான் ஓய்வு பெறும்வரை, விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்களிடம் அந்த இரண்டு கேள்வியையும் வாயால் கேட்டுவந்தேன். சிலர் இவர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். கமிஷன் எதிர்பார்ப்பதாகக்கூட ஒருவர் நினைத்தார்.

நால்வரில் இருவர் பிறகு தங்கள் பங்கை விற்றுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போனார். படகு முழுவதும் இவனுடையது ஆனது. அந்தப் பைபர் ஓடு, கரையில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்து, எத்தனையோ முறை ஒட்டுப் போட்டு, 2015 வாக்கில் தீர்ந்தது. இன்ஜின் தீரவில்லை, அடுத்த படகுக்கு மாறியது. பாய் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கொட்டகையில் இருந்த ஸ்பேனர் பெட்டியை அவர் பிள்ளைகள் இவனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

அரசலாற்றுக் கரையில் என்னைக் கேட்ட அந்த இளைஞரிடம் நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. விடியற்காலை இரண்டரை மணிக்கு ஆறு நாள் கரையில் வந்து உட்காரும்படி மட்டும் சொன்னேன். தூக்கம் வராத வயது எனக்கு. வேண்டுமானால் டார்ச்சு பிடிக்க வருகிறேன் என்றேன். முதல் நாள் போய்விட்டு வந்தோம். ஒன்பது படகு கிளம்பியது. நண்பன் மகனுடைய இன்ஜின் முதல் சுற்றிலேயே எடுத்தது. அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. அந்த இளைஞர் தானே பார்த்துக் குறித்துக்கொண்டார்.